காது மந்தமானவர் சுடப் போனால்: எலக்ட்ரானிக் இயர்மஃப்களில் எது தேறும்?

இயர்மஃப் பெட்டியைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது, சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் என்.ஆர்.ஆர்.: 22, 26, 30 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட எண். நல்ல காது உள்ளவர் அதை மட்டும் பார்த்து வாங்கினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கோ அது பாதி விவரம்கூட ஆகாது. வெளிப்பேச்சைக் கேட்கவைக்க உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை டெசிபலோடு நின்றுகொள்ளும், எந்தச் சுருதியை எவ்வளவு தூக்கிக் கொடுக்கும் என்ற இரண்டும்தான் அவருக்கு முக்கியம். முதலாவது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் எங்கேயும் இருக்காது, மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்தக் கொட்டை எழுத்து எண்ணை முடித்துவிடலாம். அமெரிக்க லேபிளில் வரும் என்.ஆர்.ஆர்., 1974-ஆம் ஆண்டின் ஆன்சி (அமெரிக்கத் தர அமைப்பு) எஸ்3.19 தரமுறையில் அளப்பது. ஆய்வகத்தில், சீராக ஒலிக்கும் இரைச்சலில், கண்ணாடியோ தொப்பியோ இல்லாமல், சரியாக மாட்டிய நிலையில் கிடைக்கும் எண் அது. ஐரோப்பியப் பெட்டிகளில் அதற்குப் பதில் எஸ்.என்.ஆர். என்ற எண் இருக்கும். ஒரே இயர்மஃபுக்கு எஸ்.என்.ஆர். சில எண்கள் கூடுதலாகவே காட்டும் என்பதால் ஒன்றின் என்.ஆர்.ஆரையும் இன்னொன்றின் எஸ்.என்.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. அமெரிக்காவின் நயாஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-இல் லேபிள் எண்ணிலிருந்து இயர்மஃபுக்கு 25 சதவீதமும், காதுக்குள் செருகும் பஞ்சு (ஃபோம்) இயர்ப்ளக்குக்கு 50 சதவீதமும் கழித்துக்கொள்ளச் சொன்னது. துப்பாக்கி வெடி மாதிரியான கணநேர அதிர்ச்சிக்குத் தனி அளவீடு உண்டு: ஆன்சி எஸ்12.42, 2010. அதில் 132, 150, 168 டெசிபல் உச்சங்களில் சோதிப்பார்கள். அந்த எண்களைத் தரும் தயாரிப்பாளரை ஒருபடி மேலே வைக்கலாம்.

பாதுகாப்புக் கணக்கு சுருக்கமானது. .22 ரைபிள் 140 டெசிபல் உச்சத்தை ஒட்டி நிற்கும். பெரும்பாலான பிஸ்டல், ஷாட்கன், வேட்டை ரைபிள்கள் 150-லிருந்து 165-க்கு மேல் வரை போகும். குழல் வாயில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் மாட்டிய ரைபிளும், கூரை போட்ட சுடுதளமும் சேர்ந்தால் 170-ஐத் தாண்டுவதும் உண்டு. கணநேர ஒலிக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்பதே பொதுவாக ஏற்ற எல்லை. நன்றாக ஒட்டிய இயர்மஃப் 25 டெசிபல் பிடித்தால் 160 என்பது 135 ஆகிவிடும், 170 என்பது 145-இல் நிற்கும். ஆகவே மசில் பிரேக் பக்கத்தில் நிற்பவருக்கு இயர்மஃப் மட்டும் போதாது, உள்ளே இயர்ப்ளக்கும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எண்கள் கூடிவிடாது. இரண்டில் பெரியதோடு 5 டெசிபல் சேர்த்துக்கொள்வதுதான் நடைமுறை. கைபேசிச் செயலியில் துப்பாக்கிச் சத்தத்தை அளந்துவிட்டு 115-தான் காட்டியது என்று நிம்மதி அடைபவர்கள் இருக்கிறார்கள். கைபேசி மைக் அதற்கு மேல் அளக்கத் தெரியாமல் திணறி நிற்கும் எண் அது.

இனி எலக்ட்ரானிக் பகுதி. வெடி வரும்போது இந்தக் கருவி ‘மூடிக்கொள்கிறது’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எதுவும் மூடிக்கொள்வதில்லை. காதை மூடும் கோப்பையும் அதன் விளிம்புக் குஷனும் எப்போதும் மூடியேதான் இருக்கின்றன. வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், நடுவே ஒரு பெருக்கி, அவ்வளவுதான். வெடியின்போது ஸ்பீக்கர் அடங்குகிறது அல்லது தன் உச்சவரம்பில் நின்றுகொள்கிறது. பேட்டரி செத்தாலும் பாதுகாப்பு அப்படியே இருக்கும், கேட்பது மட்டும் போய்விடும். வாக்கர்ஸ் ரேசர் ஸ்லிம் பெட்டியில் 0.02 செகண்டில் வினைபுரியும் என்று போட்டிருக்கிறது. 0.02 செகண்ட் என்றால் 20 மில்லி செகண்ட். வெடியின் உச்சமோ சில மில்லி செகண்டில் வந்து போய்விடும். உங்களைக் காப்பாற்றுவது அந்த வேகம் அல்ல. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு சத்தம் எழுப்ப முடியாது, வெளியே கோப்பை தடுக்கிறது, காப்பு அந்த இரண்டில்தான். ஆகவே வினைவேக எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த உச்சவரம்பு பெரும்பாலான இயர்மஃப்களில் 82 முதல் 85 டெசிபலுக்குள் இருக்கும். நல்ல காதுக்கு அது தாராளம். மந்தமான காதுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு ஆடியோகிராமை, அதாவது எந்தச் சுருதி எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் செவிச்சோதனை அட்டையை, எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

துப்பாக்கிச் சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையான இடத்தில் பள்ளமாக விழும், ஆழம் 4,000-ஐ ஒட்டி இருக்கும். ஒருவருக்கு 500 ஹெர்ட்ஸில் 15, 1,000-இல் 20, 4,000-இல் 55 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டரில் 60 முதல் 65 டெசிபல். அதில் உயிரெழுத்துகள் கனமாக, தாழ்ந்த சுருதியில் வரும். ச, க, த, ப போன்ற வல்லின மெய்களின் கூர்மை உயர்ந்த சுருதியில், உயிரைவிட 20 முதல் 30 டெசிபல் மெலிந்து வரும். பொதுவான இயர்மஃப் பெருக்கம் 12 முதல் 15 டெசிபல், அதுவும் எல்லாச் சுருதிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. 4,000-இல் 38 டெசிபலாக வரும் ஒரு மெய்யொலி 15 கூடி 53 ஆகிறது. இவருக்குக் கேட்கத் தொடங்குவதே 55-இல். அதேசமயம் தாழ்ந்த சுருதிகளும் அதே 15 கூடி 75, 80 என்று உச்சவரம்பை முட்டுகின்றன. குமிழைத் திருப்பத் திருப்பக் காற்று கேட்கும், காலடிச் சரளை கேட்கும், பக்கத்து மேடையில் தோட்டா உருளுவது கேட்கும். பேச்சு மட்டும் கேட்டும் புரியாது. ‘சத்தம் வருது, சொல்லு புரியல’ என்ற புகாரின் பின்னணி முழுக்க இதுதான். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் ஒரு பங்கு பழுதே இல்லாதவை. ஆடியோகிராம் டெசிபலும் ஒலிமானி டெசிபலும் அச்சாக ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிய இந்தக் கணக்கு போதும்.

தமிழில் கட்டளை கேட்பவருக்கு இதில் கூடுதல் வில்லங்கம் ஒன்று உண்டு. ‘சுடலாம்’, ‘சுடாதே’ இரண்டுக்கும் முன்பாதி ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு முழுக்கக் கடைசியில் இருக்கிறது. பேசுபவரின் மூச்சு இறங்கும் இடமும் அதுதான். தலை எழுத்தான ‘சு’வின் கூர்மையும் போய், வாலும் போய், நடுவில் ஒரு ‘உட’ மட்டும் காதில் விழுந்தால் மூளை தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். சுடுதளத்தில் காது மந்தமானவர்கள் கோப்பையை விரலால் நெம்பி ‘என்ன?’ என்று கேட்பது இதனால்தான். அந்த ஒரு நொடியில் பக்கத்து மேடையில் ஒரு வெடி போதும். எலக்ட்ரானிக் இயர்மஃபின் முதல் பயனே அந்த விரலைக் கீழே வைத்திருப்பதுதான். அதைச் செய்யாத இயர்மஃப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இவருக்கு ஆகாது.

சாதாரணக் காது மெஷினில் என்ன செய்கிறார்கள்? இழப்பில் ஏறத்தாழ பாதியைப் பெருக்கமாகக் கொடுப்பது செவித்திறன் நிபுணர்களின் பழைய கைக்கணக்கு. 4,000-இல் 55 இழப்பு என்றால் அங்கே 25-க்கு மேல், 500-இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எந்த இயர்மஃப் இந்தச் சாய்வுக்கு அருகில் வருகிறது என்பதே தேர்வு. எனவே மாடல்களைப் பார்க்கும்போது ஒவ்வொரு சுருதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் இருக்கிறதா, இடது வலது தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதை என்.ஆர்.ஆருக்கு முன்னால் வைக்கச் சொல்வோம்.

அடுத்தது, உச்சவரம்பை எட்டியதும் கருவி நடந்துகொள்ளும் விதம். பழைய, மலிவான வகை சத்தம் எல்லையைத் தாண்டியதும் ஸ்பீக்கரை அறுத்துவிடும். அரை செகண்ட் வரைகூட மௌனம், பிறகு திறக்கும். தனியாகச் சுடுபவருக்கு அது பெரிய குறை இல்லை. ஆறு பேர் வரிசையாக நிற்கும் மேடையில் பேச்சு துண்டு துண்டாக வந்து விழும். நல்ல காது அந்த ஓட்டைகளை ஊகித்து அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே பாதி எழுத்துகளை ஊகித்துக்கொண்டிருக்கும் காதுக்கு அதற்கு மேல் தெம்பு கிடையாது. மற்ற வகை கம்ப்ரஷன்: ஸ்பீக்கர் அறுபடாது, பெரிய சத்தம் அமுங்கும், அதனடியில் பேச்சு தொடர்ந்து ஓடும். மந்தமான காதுக்கு இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. உள்காது சேதமானவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே, சில சமயம் அதைவிடக் கூர்மையாகக் குத்தும். ‘கேட்கல, சத்தமாச் சொல்லு’ என்றவர் அடுத்த நொடி ‘ஏன் கத்துறே’ என்று சலித்துக்கொள்வது குணக்கோளாறு அல்ல, காதின் கோளாறு. கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் வலிக்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே அவருக்கு இருப்பது ஒடுங்கிய சந்து. அறுத்துத் திறக்கும் கருவி அந்தச் சந்தில் அவரை இரண்டு சுவரிலும் மாறி மாறி இடிக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துச் சில மாடல்கள்.

ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் எங்கும் கண்ணில் படுவது. என்.ஆர்.ஆர். 22. இரண்டு ஏஏஏ பேட்டரியில் சுமார் 350 மணி நேரம், தொடாமல் விட்டால் 4 மணி நேரத்தில் தானாக அணையும். கோப்பையின் அடிப்பகுதி ஒல்லி என்பதால் துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைக்கும்போது இடிக்காது. 82 டெசிபலைத் தாண்டினால் பெருக்கத்தை நிறுத்திவிடும். லேசான இழப்பு, அதாவது 4,000-இல் 35 வரை உள்ளவருக்கு இதுவே போதும். அதற்கு மேல் போனால் ஈக்குவலைசர் இல்லாதது உறைக்கும். கூடவே வரும் குஷன் இதன் பலவீனம்: மெல்லியது, சீக்கிரம் விறைத்துப்போகும். அதே வரிசையில் உள்ள இம்பாக்ட் ப்ரோ என்.ஆர்.ஆர். 30. கூரை போட்ட தளத்தில் பிஸ்டல் சுடுபவருக்கு நல்ல பாதுகாப்பு. கோப்பை குண்டு என்பதால் ரைபிளுக்குக் கன்னம் வைத்தால் கட்டை கோப்பையை நெம்பிவிடும். நெம்பிய 30-ஐவிட ஒட்டிய 22 மேல்.

வாக்கர்ஸ் ரேசர் ஸ்லிம், என்.ஆர்.ஆர். 23, இம்பாக்ட் ஸ்போர்ட்டுக்கு நேர்ப்போட்டி. இரண்டில் எது என்று ஒரு மாலை முழுக்க வாதாடலாம். மந்தமான காதின் பார்வையில் இரண்டும் ஒரே வகுப்புதான். அதே நிறுவனத்தின் பவர் மஃப் குவாட்ஸ் வேறு கதை: 4 மைக், இரண்டு பக்கமும் தனித்தனி வால்யூம் குமிழ். பருமனான பழைய வடிவம்தான். ஆனால் ஒரு காது மட்டும் மோசமாக இருப்பவருக்கு அந்தத் தனிக் குமிழ் புதிய மாடல்களின் புளூடூத்தைவிடப் பிரயோசனம். வலக்கைக்காரர் ரைபிள் சுடும்போது இடது காது குழல் வாயைப் பார்த்து நிற்கும், வலது காது தலையின் நிழலில் ஒதுங்கும். அதனால் பழைய ரைபிள்காரர்களில் இடது காது கூடுதலாகக் கெட்டிருப்பது சகஜம். இரண்டு பக்கமும் ஒரே குமிழில் ஏறும் கருவியில், இடதுக்குக் கேட்கும் அளவு கூட்டினால் வலது அலறும்.

பெல்டார் ஸ்போர்ட் டாக்டிக்கல் 500, என்.ஆர்.ஆர். 26, புளூடூத் உண்டு. அறுக்காமல் அமுக்கும் வகை என்பதால் வெடிகளுக்கு நடுவே பேச்சு தொடர்கிறது. இந்தப் பட்டியலில் நடுத்தர இழப்புக்கு, அதிகம் யோசிக்காமல் வாங்கலாம் என்று சொல்லக்கூடியது இதுதான். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் அதே பெல்டாரின் டாக்டிக்கல் எக்ஸ்பி, காம்டாக் எக்ஸ்பிஐ வகைகள். குரல் மெனு வழியாக இடது-வலது சமன், ஈக்குவலைசர், வெடிக்குப் பின் ஒலி திரும்பும் வேகம் எல்லாவற்றையும் மாற்றலாம். ஈக்குவலைசரை உயர்ந்த சுருதிப் பக்கம் தள்ளினால் மேலே சொன்ன 55 டெசிபல்காரருக்கு ‘ச’வும் ‘த’வும் திரும்ப வரும். வாங்கியவர்களில் பலர் அந்த மெனுவுக்குள் போனதே இல்லை. குறிப்பேட்டின் அந்தப் பக்கம்தான் கொடுத்த காசுக்கான மதிப்பு.

சோர்டின் சுப்ரீம் ப்ரோ-எக்ஸ் என்.ஆர்.ஆர். 18 மட்டுமே. எண்ணைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் இழப்பது நல்ல ஒலித் தெளிவை. உள்ளிரைச்சல் குறைவு, திசை துல்லியம், மழையில் நனைந்தாலும் கவலையில்லாத பேட்டரி அறை, சுமார் 600 மணி நேர பேட்டரி ஆயுள்; ஜெல் குஷனோடும் கிடைக்கிறது. வேட்டைக்காரர்களுக்கு இது முதல் தேர்வாக இருப்பது நியாயமே. மசில் பிரேக்குக்கோ கூரை போட்ட தளத்துக்கோ 18 தனியாகப் போதாது. உள்ளே ப்ளக் கட்டாயம்.

அந்த ‘உள்ளே ப்ளக்’ விஷயத்தில்தான் மந்தமான காதுக்காரர் வழுக்கி விழுவார். பஞ்சு ப்ளக்கைப் போட்டு, மேலே எலக்ட்ரானிக் இயர்மஃபை மாட்டி, வால்யூமை முழுக்க வைத்தால் இரட்டைப் பாதுகாப்பும் கிடைக்கும், பேச்சும் கேட்கும் என்பது சுடுதள மரபு. நல்ல காதுக்கு அது அருமையாக வேலை செய்யும். கணக்கைப் போடுங்கள்: ஸ்பீக்கரின் உச்சவரம்பு 82. ஆழமாகச் செருகிய பஞ்சு ப்ளக் 4,000 ஹெர்ட்ஸில் 35 பிடிக்கும். மிச்சம் 47. இவருக்கு வேண்டியது 55. வால்யூம் குமிழை உடையும்வரை திருப்பினாலும் அந்த 8 டெசிபல் கிடைக்காது. பஞ்சைப் பாதி மட்டும் செருகுவது தீர்வல்ல. அது எவ்வளவு பிடிக்கிறது என்று யாருக்கும் தெரியாத ப்ளக். எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர் ப்ளக், இசைக்கலைஞர்கள் போடுவது, இங்கே உதவும். 15 டெசிபல் ஃபில்டர் என்றால் 82-இல் 67 மிஞ்சும். பஞ்சு அளவு பாதுகாப்பு வராதுதான். ஆனால் இயர்மஃப் பலவீனமாக இருக்கும் தாழ்ந்த சுருதியில், அதாவது கோப்பை வெறும் 12, 15 டெசிபல் பிடிக்கும் இடத்தில், ப்ளக் கை கொடுக்கும். பெரிய ரைபிள், மசில் பிரேக் என்றால் மட்டும் பஞ்சுதான். அப்போது பேச்சைக் கேட்கும் ஆசையை விட்டுவிட்டுக் கைச்சைகைக்குப் போய்விட வேண்டும். செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ உள்ளவர் காதுக்குள் எதையும் செருகும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காது மெஷின் போட்டிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அதைக் கழற்ற வேண்டுமா என்பது. அணைத்த மெஷின் ஒரு ப்ளக் அல்ல. காதுக்குள் போகும் ரப்பர் குடையில் ஓட்டை, அச்சு வார்த்த மோல்டில் காற்றுத் துளை, இரண்டும் வெடிச்சத்தத்துக்குத் திறந்த வாசல். மெஷினில் திடீர்ச் சத்தத்தை அமுக்கும் வசதி உண்டே என்றால், அது மெஷின் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்வது மட்டுமே. ஓட்டை வழியாக நேரே போகும் 160 டெசிபலை அதற்குத் தெரியாது. வெறும் மெஷினோடு சுடுவது வெறும் காதோடு சுடுவதுதான்.

மெஷினை ஓட விட்டு மேலே எலக்ட்ரானிக் இயர்மஃப் மாட்டலாமா? பலர் செய்கிறார்கள், சிலருக்கு ஒத்துப்போகிறது, பெரும்பாலோருக்கு விசிலடிக்கிறது. மூடிய சின்னக் கோப்பைக்குள் மெஷினின் ஸ்பீக்கரிலிருந்து கசியும் ஒலி சுவரில் மோதித் திரும்ப அதன் மைக்குக்கே போகிறது. அதுதான் கீச்சொலி. அது இல்லாவிட்டாலும், இயர்மஃப் ஒருமுறை அமுக்கியதை மெஷின் மறுபடி அமுக்கி, பேச்சு நசுங்கிப்போகும். இதை முயல்பவர் செவித்திறன் நிபுணரிடம் சுடுதளத்துக்கென்று தனி புரோகிராம் போடச் சொல்லலாம்: தாழ்ந்த சுருதிப் பெருக்கம் குறைவு, உயர்ந்த சுருதிக்கு மட்டும் மிதமான தூக்கல், சத்தக் குறைப்பும் திசை மைக்கும் அணைப்பில், மெஷினின் அதிகபட்ச வெளியீடு இறக்கி வைத்து. இயர்மஃப் வால்யூம் அடிமட்டத்தில் தொடங்கட்டும். நிபுணரிடம் போகும்போது இயர்மஃபையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே மாட்டிச் சரிபார்ப்பது நல்லது. இரண்டு எச்சரிக்கை. காதுக்குப் பின்னால் உட்காரும் பருமனான மெஷின் குஷனின் விளிம்பில் அகப்பட்டால் ஒட்டுதல் போய்விடும், எல்லாம் வீண். மெல்லிய கம்பியோடு வரும் வகையும், காதுக்குள் முழுக்க அடங்கும் வகையும் பரவாயில்லை. விசில் கேட்டால் அந்த ஏற்பாடு அன்றைக்கு முடிந்தது. கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, மூடியுள்ள டப்பாவில் போடவும். சட்டைப்பையில் போட்ட மெஷின் குனியும்போது தரையில் விழும், தோட்டா ஓடுகளுக்கு நடுவே அதைத் தேடுவது வேலையல்ல.

காதுக்குள்ளேயே செருகும் எலக்ட்ரானிக் வகை இந்த இடத்தில் நல்ல மாற்று. எட்டிமோடிக் கன்ஸ்போர்ட் ப்ரோ இரண்டு நிலைகளில் ஓடும்: ஒன்றில் இயல்பாகக் கேட்கும், மற்றொன்றில் பெருக்கிக் கொடுக்கும். கன்னத்தில் கட்டை இடிக்காது, தொப்பி, கண்ணாடி எதுவும் குறுக்கே வராது, மேலே சாதா இயர்மஃபை மாட்டி இரட்டைப் பாதுகாப்பும் செய்யலாம். கெட்ட பக்கம்: பாதுகாப்பு முழுக்க முனை எவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தாடையை அசைத்தால் தளரலாம். பொடிப் பொடிக் குமிழ்களை நடுங்கும் விரலால் திருப்புவதும் சிரமம். இழப்பு நடுத்தரத்தைத் தாண்டியவருக்கு, அச்சு எடுத்துச் செய்து ஆடியோகிராமுக்கு ஏற்ப நிரல் ஏற்றும் வகைதான் சரியான விடை. இயர்மஃபைவிடப் பல மடங்கு செலவு, அச்சு எடுக்க ஒருமுறை, சரிசெய்ய ஒருமுறை என்று நடை வேறு. ஆனால் மேலே சொன்ன சாய்வு இதில்தான் உண்மையில் கிடைக்கும். எடை கூடினாலோ குறைந்தாலோ காதுக்குழாயின் வடிவம் மாறும், அச்சு தளரும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

கடையில் மாட்டிப் பார்க்கும் முறையைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது, ஏனெனில் பெட்டி சொல்லாததை எல்லாம் அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும். சுடும்போது போடும் அதே கண்ணாடியும் தொப்பியும் போட்டுப் போங்கள். முதலில் கருவியை அணைத்தபடி மாட்டி, இரண்டு உள்ளங்கையாலும் கோப்பைகளைத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது வெளிச்சத்தம் சட்டென்று குறைந்தால், அழுத்தாதபோது கசிகிறது என்று பொருள். குற்றவாளி அநேகமாகக் கண்ணாடியின் காம்பு. தடித்த காம்பு சில டெசிபல்களைக் கொண்டுபோய்விடும். தட்டையான மெல்லிய காம்புக்கு மாறலாம், அல்லது ஜெல் குஷனுக்கு மாறலாம். நாய்ஸ்ஃபைட்டர்ஸ் சைட்லைன்ஸ் என்ற ஜெல் குஷனில் கண்ணாடிக் காம்புக்கென்றே பள்ளம் வெட்டியிருக்கும். பல பிரபல மாடல்களுக்குப் பொருந்தும் விதமாகவும் கிடைக்கிறது.

பிறகு கருவியைப் போட்டு, கூட வந்தவரை 3 மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். உதடு தெரியக் கூடாது. அவர் படி, கடி, தடி, அடி, மடி, வடி, நடி என்ற சொற்களை இடம் மாற்றி மாற்றிச் சாதாரணக் குரலில் பத்து முறை சொல்லட்டும், நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ஓசை ஒன்றே, முதல் மெய் மட்டுமே வேறு (‘அடி’யில் அது இல்லை). எட்டுக்குக் குறைந்தால் வால்யூமைக் கூட்டாதீர்கள், ஈக்குவலைசரைத் தொடுங்கள். அது இல்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போங்கள். சாவிக்கொத்துச் சோதனையும் உண்டு: கண்ணை மூடிக்கொள்ள, அவர் சுற்றி நடந்து சாவியை ஆட்ட, திசையைக் கையால் காட்ட வேண்டும். சாவியோசை உயர்ந்த சுருதி. கேட்கவே இல்லையென்றால் அந்தப் பக்கம் கருவி உதவவில்லை. இரண்டு கோப்பைக்கும் ஒரே மைக் வைத்த மலிவு மாடல் திசையில் தோற்றுவிடும். கடைசியாகக் கைதட்டச் சொல்லி, தட்டலுக்குப் பின் அறையின் இரைச்சல் அறுந்து திரும்புகிறதா, அமுங்கி எழுகிறதா என்று கவனியுங்கள். அறுப்பதா அமுக்குவதா என்பதை விற்பவரிடம் கேட்கத் தேவையில்லை.

காதிரைச்சல் உள்ளவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அமைதியான மூலையில் நின்று பாதி வால்யூமில் கருவியின் ‘உஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள். மெல்லிய ‘உஸ்’ சிலருக்குச் சொந்த ரீங்காரத்தை மறைத்து இதமாகவே இருக்கும். அது ரீங்காரத்தின் சுருதியிலேயே வந்து உட்கார்ந்தால் அரை மணியில் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. குஷன் விறைத்தாலோ வெடித்தாலோ மாற்றவும். அடிக்கடி சுடுபவருக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு ஒரு வருடம். கோப்பைக்குள் இருக்கும் பஞ்சைப் பிடுங்கி எறியாதீர்கள், அதுவும் அளந்த எண்ணில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும்போது ஏஏஏ பேட்டரியைக் கழற்றி வைக்கவும். கசிந்த பேட்டரி தின்னும் முதல் இடம் ஸ்பிரிங். காதுக்குள் செருகும் வகையில் வரும் மஞ்சள் ஒட்டுள்ள 10 எண் பேட்டரி காற்றில் உயிர்பெறுவது. ஒட்டைப் பிரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக ஓடும்.

4,000-இல் 70-க்கு மேல் இழப்பு உள்ளவர் இந்தக் கருவிகளில் எதிலும் கட்டளையை நம்பக் கூடாது. உச்சவரம்புக்கும் அவர் கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே மிஞ்சும் இடம் மிகக் கொஞ்சம். அவருக்கு இயர்மஃபைப் பாதுகாப்பு எண்ணைப் பார்த்தே வாங்கலாம், எலக்ட்ரானிக் வேண்டாம் என்றும் விட்டுவிடலாம். செய்ய வேண்டியது சுடுதள அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்வது: வரிசையின் கோடி மேடை, அதிகாரி நிற்கும் பக்கமாகவே. நிறுத்தத்துக்கு விளக்கோ கொடியோ, பார்வையில் படும் இடத்தில். அது தப்பினால் தோள்பட்டையின் பின்புறம் உள்ளங்கை. கை பட்டதும் விரல் விசையை விட்டு வெளியே வர வேண்டும், குழல் இலக்கின் பக்கமே நிற்க வேண்டும், யார் தொட்டது என்று துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கக் கூடாது. இதை வெற்றுத் துப்பாக்கியோடு இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத் தோட்டாவை எடுங்கள்.